பெருவிரலில் தொடங்கும் நோவு

தேங்காய்ப் பாதியைத் திருவலையில் வைத்து ஒரு தடவை திருப்பியதும் பெருவிரலின் அடியிலிருந்து ஊசி ஏற்றினாற்போல ஒரு குத்து. தோய்த்த சாரத்தைப் பிழியும்போது அதே குத்து. கேத்தலைத் தூக்கினால் குத்து. திறப்பைத் திருகினால் குத்து. இரவில் ஒருக்களித்துப் படுத்து, கை தவறி மடிந்துபோனாலும் விழிப்பு வந்துவிடுகிறது. முதலில் ஒரு கிழமை, பிறகு ஒரு மாதம், அதற்குப் பிறகு "இது என்ர கூடப் பிறந்த வருத்தம்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகும் நிலை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்த நோவோடு வாழ்கின்ற தாய்மாரை நாம் வீட்டுக்கு வீடு காண்கிறோம். ஆண்களிலும் உண்டு, ஆனால் பெண்களில்தான் மிக அதிகம்.

சுளுக்கு என்பார்கள், வாதம் என்பார்கள், சிலர் செய்வினை என்றும் சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்கென்று ஒரு பெயரும் தெளிவான காரணமும் உண்டு. காரணம் தெரிந்தால் பாதி வழி கடந்ததாகும் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் பெருவிரலை விரித்துப் பாருங்கள். மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் ஒரு சிறிய எலும்பு மேடு தட்டுப்படும். பெருவிரலை விரிக்கவும் உயர்த்தவும் உதவுகின்ற இரண்டு நாண்கள் அந்த மேட்டின் மேலாக, ஒரே ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. (எமது மக்கள் இவற்றை 'நரம்பு' என்பார்கள். உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. இவை தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறுகள்.) மாட்டின் மூக்கணாங்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். துளை சரியாக இருக்கும்வரை கயிறு வழுக்கிக்கொண்டு போகும். துளையின் ஓரம் தடித்துப்போனால் அதே கயிறு ஒவ்வொரு இழுவைக்கும் உரசும், மாடு துடிக்கும். இங்கும் அதுதான் நடக்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது உறை தடிக்கிறது, உள்ளே இடம் குறைகிறது, நாண்கள் அசையும்போதெல்லாம் வலிக்கிறது. சிலருக்கு அந்த மேட்டின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கமும் தெரியும்.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிரிட்ஸ் டி கெர்வெயின் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1895ஆம் ஆண்டில் இவ்வருத்தமுள்ள 5 பேரைப் பற்றி எழுதினார். அதனால் இன்றும் உலகெங்கும் இது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-டெ-ஃபோன் நகரிலே பணியாற்றியவர் அவர். பின்னர் பேர்ன் நகரில் பேராசிரியரானார். கழலை நோயைத் தடுப்பதற்காக உப்பில் அயடீன் சேர்க்க வேண்டுமென்று பாடுபட்டவர்களில் ஒருவர் என்பதால், கைநோவு இல்லாத வீட்டின் உப்புப் போத்தலிலும் அவருடைய உழைப்பில் ஒரு துளி உண்டு எனலாம்.

எமது கைகளுக்கு நேர்ந்தது

இந்த நோவு யாருக்கும் வரலாம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு எந்த நாட்டிலும் வருகிறது. குழந்தையை இரண்டு கக்கத்திலும் பெருவிரலை விரித்துப் பிடித்து நாளுக்குப் பல தடவை தூக்குவதும், பேறுகாலத்தில் உடலில் ஏற்படும் மாற்றங்களும் அதற்குக் காரணம். கைத்தொலைபேசியில் பெருவிரலாலேயே ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் இளையோரும் இப்போது வைத்தியரிடம் போகிறார்கள். எனினும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் கைகளுக்கு நேர்ந்தது தனிக்கதை. அதை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து சனம் பாலத்தாலும் தோணியாலும் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் வந்தபோது, வேளாண்மையும் மாடும் அந்தக் கரையில் கிடந்தன. கையிலே எடுத்து வந்தது பிள்ளையும் ஒரு பையும். அதற்கு முன்னர் 1990இலும், 2004 டிசம்பர் கடற்கோளின்போதும் இதே ஓட்டம். முகாமில் வேலை இல்லாமல் இருந்தார்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதினார்கள். உண்மையில் பெண்களின் கைகள் ஒரு நாளும் ஓயவில்லை. 20 லீற்றர் தண்ணீர்க் கான் என்றால் அது 20 கிலோ. மெல்லிய பிளாஸ்ரிக் பிடியில், நாலு விரலும் பெருவிரலும் இறுக, வரிசையிலிருந்து கூடாரம் வரை அதைக் காவ வேண்டும். கூடாரத்துக்கு மேல் போடக் கிடுகு பின்ன வேண்டும். கிடுகு பின்னுவது ஒவ்வொரு ஓலையிதழையும் பெருவிரலால் அழுத்தி மடிக்கும் வேலை. கடற்கரை மணலில் கிணறு ஆழமில்லை என்பதால் கப்பியும் இல்லை. வாளியைக் கயிற்றில் விட்டு, கைக்குக் கை மாற்றி இழுப்பதுதான் வழக்கம்.

ஊருக்குத் திரும்பிய பின்னர் வேலை மாறியது, குறையவில்லை. வெட்டு மெசின் வந்தபின் தாக்கத்தி பிடிக்கும் நாட்கள் குறைந்துவிட்டன; சாய்ந்த வேளாண்மைக்கும் வரப்போரத்துக்கும் மட்டுமே கை தேவைப்படுகிறது. பெண்களுக்குக் கூலியாக மிஞ்சியது களை பிடுங்குதல், கச்சான் ஆய்தல், கச்சான் உடைத்தல், மிளகாய்ப்பழம் ஆய்தல். எல்லாமே பெருவிரலும் சுட்டுவிரலும் செய்கின்ற வேலைகள். ஒரு கோது கச்சான் உடைக்க ஒரு தடவை பெருவிரலால் அழுத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை கோது என்று உடைப்பவரே எண்ணிப் பார்க்கட்டும். மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களில் சிலர் பெருவிரலை உள்ளே மடித்து, அதன் முதுகால் காம்பை அமர்த்திப் பால் கறப்பார்கள். அந்தப் பழக்கமும் இந்த உறையைப் பதம்பார்க்கும்.

வாழ்வாதார உதவி என்று தையல் மெசின்களும் பின்னல் பயிற்சிகளும் ஏராளமாகக் கொடுக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கும் பெருவிரல் எந்த நிலையில் இருக்கிறது என்று எந்த விண்ணப்பப் படிவமும் கேட்கவில்லை. எங்கள் போன்ற நிறுவனங்களின் படிவங்களும் அதற்கு விலக்கல்ல.

நுளம்பு கொண்டுவந்த பங்கு

இன்னொரு சங்கதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் கல்முனை, மட்டக்களப்புப் பகுதிகளில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியது. 1960களுக்குப் பின்னர் இலங்கையில் அது பெருமளவில் தலைகாட்டியது அப்போதுதான். தன்சானியாவில் 1952, 1953ஆம் ஆண்டுகளில் முதலில் அடையாளம் காணப்பட்ட இந்நோயின் பெயர், மக்கொண்டே மொழியில் 'வளைந்துபோதல்' என்ற பொருளுடையது. வலியால் மனிதர் வளைந்துபோவதைப் பார்த்து வைத்த பெயர். காய்ச்சல் சில நாட்களில் விடும். மணிக்கட்டு, விரல் மொழி, கணுக்கால் ஆகியவற்றின் நோவோ சிலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு வருடக்கணக்கிலும் நீடிக்கும். நாண்களின் உறைகளையும் அது வீங்கவைக்கும். ஆகவே 2007இல் தண்ணீர்க் கானைத் தூக்கிய கைகளிற் பல, ஏற்கனவே காய்ச்சலால் நொந்த கைகள். 2025ஆம் ஆண்டிலும் இந்நோய் இலங்கையின் பல இடங்களில் மீண்டும் பரவியது. வீட்டைச் சுற்றியுள்ள சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவது டெங்குவுக்கு மட்டுமன்றி மணிக்கட்டுக்கும் காவல். இரண்டையும் காவுவது ஒரே இன நுளம்பு.

எல்லாக் கைநோவும் ஒன்றல்ல

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெருவிரலை உள்ளங்கையில் மடித்து, மற்ற நாலு விரல்களால் அதைப் பொத்திக்கொள்ளுங்கள். பொத்திய கையை மெதுவாகச் சின்னவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். முன்பு சொன்ன எலும்பு மேட்டில் சுரீரென்று வலித்தால் இந்த வருத்தமாக இருக்கலாம். ஓரளவு இழுவை எல்லோருக்கும் இருக்கும் என்பதால், நோவில்லாத மற்றக் கையிலும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலாத்காரமாகச் சாய்க்க வேண்டாம்.

வேறு அறிகுறிகள் வேறு வருத்தங்களைக் காட்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை விறைத்து, இரவில் எழுந்து கையை உதறினால் சுகம் வருகிறதென்றால், மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு நரம்பு நெருக்கப்படுகிறது. மடக்கிய பெருவிரல் 'டக்' என்று கொளுவிக்கொண்டு நிமிர மறுத்தால் அது இன்னொரு உறையின் தடிப்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய கைவருத்தங்கள் கூடுதலாக வரும். சீனி சோதித்திராதவர் சோதிப்பது நல்லது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெருவிரலின் அடிமூட்டே தேய்ந்து, போத்தல் மூடி திறக்கும்போது வலிக்கலாம். இரண்டு கைகளிலும் பல மொழிகள் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரல்கள் மரக்கட்டைபோல இருந்தால் அது மூட்டுவாதமாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்திலேயே மருந்தெடுத்தால் மூட்டு கோணாமல் காக்கலாம்.

வரம்பில் வழுக்கிக் கையூன்றி விழுந்த பின்னர் பெருவிரலின் அடிக்குழியில் நோவு நிற்கிறதா? எலும்பு வெடித்திருக்கலாம். அந்தக் குழிக்குள் இருக்கும் சிறிய எலும்பு பொருந்துவது கடினம். முதல் படத்தில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம். நோவு நீடித்தால் இரண்டு கிழமையில் மீண்டும் படம் எடுக்கும்படி கேளுங்கள். மாறாக, நோவே இல்லாமல் கை உணர்ச்சியற்றுப் போனாலும், தோலில் வெளிறிய, தொட்டால் உணராத தழும்பு இருந்தாலும் அதுவே அதிகக் கவலைக்குரியது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கு ஏன் வைத்தியசாலை கட்டினார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். இன்று தீவுக்குப் போகத் தேவையில்லை. 6 அல்லது 12 மாதக் குளிசையில் குணமாகும், குளிசையும் இலவசம்.

சும்மா இருக்க முடியாத கை

முதல் மருந்து ஓய்வு என்று எல்லா வைத்தியரும் சொல்வார்கள். வெல்லாவெளிப் பக்கத்துத் தாயொருவர் என்னிடம் கேட்டார்: "பாதர், கைய ஓய்வா வெச்சா உலை ஆரு வைக்கிற? கை சும்மா இருக்கும், வயிறு சும்மா இருக்குமா?" இந்தக் கேள்விக்கு முன்னால் 'ஓய்வெடுங்கள்' என்ற சொல் வெறும் சொல்லாகிவிடுகிறது. ஆகவே, முழு ஓய்வு முடியாதவர்கள் எந்த அசைவை விலக்க வேண்டும் என்று பார்ப்போம். பெருவிரலை விரித்துப் பிடித்தபடி மணிக்கட்டைச் சாய்ப்பதும் முறுக்குவதும்தான் பகை. அந்த அசைவைத் தவிர்த்தாலே உறைக்குப் பெரும் ஆறுதல்.

பானையைக் காதிலோ விளிம்பிலோ பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, முழங்கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். பிள்ளையைக் கக்கத்தில் பிடிக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்குக் கீழும் மற்றதை முதுகிலும் கொடுத்து அள்ளுங்கள். தோய்த்த உடுப்பை முறுக்கிப் பிழிய வேண்டாம். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாலும் எமது வெயிலில் காய்ந்துவிடும். கனத்த சாரம், படங்கு என்றால் கிணற்றடித் தூணில் சுற்றி இரண்டு நுனியையும் உடம்பின் பாரத்தால் இழுக்கலாம். 20 லீற்றர்க் கானில் 10 லீற்றர் அள்ளி இரண்டு தரம் போவது, கால்களுக்கு நட்டமானாலும் கைக்கு இலாபம். வாளிக் கயிறு மெல்லியதாக இருந்தால் பெருவிரல் அதை நெரித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தடித்த கயிறு போடுங்கள், முடிந்தால் ஒரு கப்பியும் கட்டுங்கள். மண்வெட்டிப் பிடி, தாக்கத்திப் பிடி, அகப்பைக் காம்பு எல்லாவற்றையும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றித் தடிப்பாக்கலாம். பிடி தடிக்கத் தடிக்க விரல்கள் இறுக்க வேண்டிய தேவை குறையும். கச்சானைப் பெருவிரலால் உடைப்பதற்குப் பதிலாக, சாக்கில் பரப்பி மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பருப்பு கொஞ்சம் உடையத்தான் செய்யும். விதைக்கு வைப்பதை மட்டும் கையால் உடைக்கலாம், அதையும் வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது கட்டு. பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் தாங்கியை வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும்வரை கமுகம் மடலை நனைத்து வளைத்து, உள்ளே பழந்துணி வைத்து நாமே ஒன்று செய்யலாம். தண்ணீர்க் குவளையைப் பிடித்திருப்பதுபோலப் பெருவிரல் சற்று விலகி நிற்க வேண்டும். அதன் நுனிமொழியும் மற்ற நாலு விரல்களும் அசையக்கூடியதாக வெளியே இருக்க வேண்டும். முன்கையின் பாதிவரை மடல் வரட்டும். நகம் நீலித்தாலோ விரல் விறைத்தாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். இரவிலும், பகலில் முடிந்த நேரமெல்லாமும், 3 முதல் 6 கிழமை போட வேண்டும். குளிக்கும்போது கழற்றி விரல்களை மெதுவாக அசைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் மரத்துவிடும்.

உருவி வழித்துவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது பரியாரிமாரின் எண்ணெய்களையோ, கடையில் வாங்கும் சித்தாலேபவையோ நான் குறைகூறவில்லை. மென்மையாகப் பூசினால் சூடும் சுகமும் கிடைக்கும். ஆனால் தடித்த உறையைப் பெருவிரலால் அமர்த்தி 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று உருவுவது, வீங்கிய மூக்கைக் கயிற்றால் இன்னும் இழுப்பது போன்றது. அடுத்த நாள் வீக்கம் கூடியே இருக்கும்.

குளிசையும் ஊசியும்

கடையில் 'நோவுக்குக் குளிசை தாங்க' என்று கேட்டு, உறையில்லாமல் தாளில் சுற்றித் தருவதை விழுங்கும் பழக்கம் ஆபத்தானது. டைக்குளோபெனக், இபுபுறூபன் போன்றவை வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் வெறுவயிற்றில் எடுத்தால் குடலைப் புண்ணாக்கும், நீண்டநாள் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. காய்ச்சல் இருக்கும்போது இவற்றையும் அஸ்பிரினையும் தொடவே கூடாது. அது டெங்குவாக இருந்தால் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். பரசிற்றமோல் பாதுகாப்பானது: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 8க்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவரும் சாராயம் பாவிப்பவரும் உடல் மெலிந்தவரும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

கட்டாலும் குளிசையாலும் தீராவிட்டால், உறைக்குள்ளே ஸ்ரீரோயிட் ஊசி போடுவார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு ஊசியோடு நோவு தணிந்துவிடுகிறது. 'ஊசி போட்டால் கை செயலிழந்துவிடும்' என்ற பயம் முகாம் நாட்களிலிருந்தே எம்மிடையே உலவுகிறது. அது உண்மையல்ல. ஊசி போட்ட இடத்தில் தோல் சற்று வெளிறலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி கூடும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்கும் மசியாத வருத்தத்துக்குச் சிறு சத்திரசிகிச்சை உண்டு. கையை மட்டும் விறைக்கவைத்து, தடித்த உறையைத் திறந்துவிடுவார்கள். அநேகமாக அன்றே வீடு திரும்பலாம். பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பொறுமையே பாதி மருந்து. பால் மறக்கும் காலத்தில் பலருக்கு இந்த நோவு தானாகவே விட்டுப்போகிறது.

இவையெல்லாவற்றையும்விடக் கடினமானது வீட்டாரின் வாய். முறிந்த கைக்கு மாக்கட்டு இருக்கிறது, எல்லோரும் இரங்குவார்கள். இந்த நோவுக்கு வெளியில் தெரியும் அடையாளம் குறைவு. 'கள்ளம் பண்ணுறாள்' என்ற சொல்லை மாமியார் சொன்னாலும் கணவன் சொன்னாலும் அது நோவை இரட்டிப்பாக்குகிறது. நித்திரையின்மையும் மனச்சோர்வும் பின்னாலேயே வருகின்றன. தம்பிமாரே, அண்ணன்மாரே, தேங்காய் திருவுவதால் எந்த ஆம்பிளையின் மரியாதையும் போய்விடாது. ஆறு கிழமைக்குத் தண்ணீர் அள்ளுவதையும் உடுப்புப் பிழிவதையும் நீங்கள் பொறுப்பெடுத்தால், அந்தக் கமுகம் மடல் தன் வேலையைச் செய்யும்.

நோவு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம்; தேவையென்றால் அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் எலும்பு வைத்திய நிபுணரிடம் துண்டு தருவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. கிளினிக் கொப்பியையும், வீட்டில் குடிக்கும் குளிசை அட்டைகளையும் கொண்டு போங்கள். இத்தாலி நாட்டு வைத்தியர் பேர்னார்டினோ றமாசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்தர், மருத்துவிச்சி, உழவர் என்று ஒவ்வொரு தொழிலாகப் பார்த்து எழுதியவர் அவர். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். சனம் நிறைந்த வெளிநோயாளர் வரிசையில் வைத்தியருக்கு அதைக் கேட்க நேரம் இருப்பதில்லை. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: நாளுக்கு எத்தனை வாளி தண்ணீர் அள்ளுகிறீர்கள், எத்தனை நாள் களை பிடுங்கினீர்கள், கடைசிக் குழந்தைக்கு எத்தனை மாதம், 2006இலோ அதற்குப் பிறகோ மூட்டுநோவோடு காய்ச்சல் வந்ததா, எந்தக் கை முதலில் நொந்தது என்று.